சுவர்ப்படமும் இல்லற வாழ்வும்

இல்லச் சந்திப்பிற்குச் செல்லும் ஆயர், வீட்டார் பேசத் தொடங்குமுன் அவர்தம் சுவரைச் சற்று நோக்குதல் நலம். காவிரிப் படுகையில் சுவர்ப்படமே குடும்பத்தின் முதல் அறிக்கை.

பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் புடைப்பேற்றி, பொன்தகடு பதித்துச் செய்யப்படும் தஞ்சைப் படம், மிராசுதார், வணிகர் இல்லங்களின் பூசையறைக்கே எட்டியது. கூரை வீட்டிற்கு அது வரவில்லை. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகமும், பின்னர் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898–1976) தீட்டச் சிவகாசி அச்சிட்ட நாட்காட்டிகளும் அந்நிலையை மாற்றின. தேதித்தாள்கள் கிழிந்து தீர்ந்த பின்னும், கடைக்காரர் இலவசமாய்த் தந்த படம் சட்டமிடப்பட்டுச் சுவரில் நிலைத்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு உரிமையைச் சட்டம் முழுமையாய் வழங்கியது 1947-இல்தான். அச்சுப்படமோ எச்சட்டத்திற்கும் காத்திராமல் எளியோர் இல்லம் புகுந்தது. இதனை உருவ வழிபாட்டின் பெருக்கம் என்று மட்டும் கூறி ஒதுக்கும் இறையியல் குறைபாடுடையது.

எனினும் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. அப்படங்கள் காட்டும் குடும்பம் எத்தகையது? மீனாட்சி திருக்கல்யாணம், இராமர் பட்டாபிஷேகம், பிள்ளைகள் சூழ வீற்றிருக்கும் சிவனும் பார்வதியும்: யாவரும் அணி நிறைந்தோர், பசி அறியாதோர். நாற்று நடும் பெண்ணின் சேறு படிந்த கை அங்கில்லை. கூடுதல் கூலி கேட்டு உழைப்பாளர் திரண்டிருந்த கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அக்குடும்பங்களை எந்த நாட்காட்டியும் தீட்டவில்லை.

நம் சுவர் மட்டும் வேறானதோ? படங்களை வணங்குவதில்லை எனப் பெருமை கொள்ளும் நம் கூடங்களிலும், அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் தீட்டிய இயேசுவின் முகம் தொங்குகிறது. அருகே, கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர், உணவு வேளையில் காணப்படாத விருந்தினர் எனும் பொருள்பட அச்சிட்ட வாசகம். ஆடவர் உண்டு எழுந்தபின் அடுக்களையில் தனித்துண்ணும் மனைவி அவ்விருந்தினரை எங்கே காண்பாள்? களத்தில் உழைத்தவர் திண்ணைக்கு அப்பால் நிறுத்தப்படுகையில் அத்தலைவர் எப்பக்கம் நிற்கிறார்? ஆந்திர லுத்தரன் போதகர் சாலமன் ராஜ் தம் மரச்செதுக்கு அச்சுகளில் இந்நாட்டு எளியோரிடையே கிறிஸ்துவைக் காட்டினார். அத்தகைய படங்கள் நம் இல்லங்களில் அரியவை.

ஆகவே, படத்தைக் கழற்றச் சொல்வது ஆயரின் முதற்பணி அன்று. சுவரை வாசித்தபின் அடுக்களையையும் வயலையும் வாசித்து, அவற்றிடையேயுள்ள தொலைவை அன்போடும் அஞ்சாமலும் சபைக்கு உணர்த்துவதே பணி. வார்த்தை மாம்சமானதை நம்பும் நமக்கு, தாளில் மட்டும் தங்கிவிட்ட கிறிஸ்து போதுமானவர் அல்லர்.