உதடு கடிபட்டவன் சொன்ன கதை

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்து நிழலில் ஒரு காலேஜ் பையன் செல்போனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், ‘‘சார், இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து. ரெண்டாவது ‘ஆர்’, மூணாவது ‘இ’. ‘எஸ்’ வரக்கூடாது. சொல்லுங்க’’ என்றான். ‘பிரெட்’ என்றேன். தப்பு. அவனே ‘டிரீம்’ போட்டான். கட்டமெல்லாம் பச்சையானது.

வேர்டில் விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவி விளையாடுவதற்காக எழுதி, 2021-ல் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. இன்ன எழுத்து வேண்டும், இன்னது கூடாது, நீளம் இத்தனைதான். இதில் என்ன இலக்கியம் என்பீர்கள். அந்தப் பையன் உட்கார்ந்திருந்த ஊரில் ஆயிரத்து முந்நூறு வருஷமாகக் கவிஞர்கள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அது கவிதையா, கழைக்கூத்தா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் தூப்புல். வேதாந்த தேசிகர் பிறந்த இடம். ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் பாதுகைகள்மேல் அவர் செய்த ‘பாதுகா சஹஸ்ரம்’ 1008 சுலோகம். ஒரே ராத்திரியில் பாடியதாகச் சொல்வார்கள். அதில் சித்திர பத்ததி என்று ஒரு பகுதி. ஒரு சுலோகத்தின் 32 எழுத்தை வரிக்கு எட்டாக நாலு வரியில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் செஸ் குதிரையை வைத்து, ஒரு கட்டத்தையும் இரண்டு தடவை மிதிக்காமல் ஓட்டுங்கள். குதிரை மிதித்த வரிசையில் எழுத்துகளைப் படித்தால் அடுத்த சுலோகம் வருகிறது! அதே சந்தம், வேறு அர்த்தம். ஆய்லர் என்ற கணித மேதை இந்தக் குதிரைப் புதிரைக் கணக்காக ஆராய்ந்தது 1759-ல். தேசிகர் பதினான்காம் நூற்றாண்டுக்காரர்.

அதே பத்ததியில் இன்னொரு சுலோகம், ‘யா’ என்ற ஒரே எழுத்து 32 தடவை. பதம் பிரித்தால் அர்த்தம் உண்டு என்கிறது உரை. இருக்கட்டும். எனக்கு இதில் மனசு ஒட்டவில்லை. குதிரை விஷயம் வேறு. பாடப்படுவது பாதுகை. சமஸ்கிருதத்தில் பதம் என்றால் சொல், காலடியும் பதம்தான். நடக்கிற சாமானைப் பற்றிய பாட்டில் சொற்களே எழுந்து நடக்கின்றன. அங்கே வித்தைக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘யா’வுக்கு அப்படி ஒரு வேலை என் கண்ணில் படவில்லை. வைஷ்ணவ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காஞ்சிபுரத்தில் பிறந்த இன்னொருவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர். பதினேழாம் நூற்றாண்டு. திருச்செந்தூரில் ஒரு புலவரோடு போட்டி. போட்டிக்காரர் திணற, இவர் முப்பது பாட்டையும் பாடி ஜெயித்தார் என்பது கதை. அதுதான் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’. நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாதது. ப, ம, வ கூடாது. உதடு குவிகிற உ, ஊ, ஒ, ஓ, ஔ-வும் கூடாது. போதாததற்கு ஒவ்வொரு அடியும் ஒரே எழுத்துக்கூட்டத்தில் ஆரம்பித்து வெவ்வேறு அர்த்தம் தர வேண்டும். நீங்களே யோசியுங்கள்: முருகன்மேல் பாட்டு, ‘முருகா’ சொல்ல முடியாது. வேலன், குமரன், சரவணன், ஆறுமுகம் எல்லாம் அவுட். தப்பிப் பிழைப்பவை கந்தன், செந்தில் மாதிரி சில. பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சாமி பெயரைச் சொல்லவிடாத அந்த விதி போட்டிக்காக வந்தது, பக்திக்காக வந்ததில்லை.

இத்தனைக்கும் தமிழ் யாப்பே எண்ணிக்கைதான். கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால், புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு 16 எழுத்து, நிரையசை என்றால் 17. அபிராமி அந்தாதியை எண்ணிப் பாருங்கள், டாலி ஆகும் (பி.காம். புத்தி, நான் எண்ணிப் பார்த்தேன்). பாடுகிற மாமிகள் யாரும் எண்ணுவதில்லை.

சரி, தண்டிக்கு வருவோம். பல்லவர் காஞ்சியில் சுமார் 700-ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவருடைய ‘காவியாதர்சம்’ இந்த மாதிரி எழுத்து வித்தைகளுக்கெல்லாம் இலக்கணம் சொல்கிறது. தமிழில் அதைப் பின்பற்றி வந்தது தண்டியலங்காரம். இலக்கணம் எழுதியவர் கதையும் எழுதினார், ‘தசகுமார சரிதம்’. அதில் மந்திரகுப்தன் என்ற இளைஞன் தன் கதையைச் சொல்ல வேண்டிய முறை வருகிறது. முந்தைய ராத்திரி காதலி உதட்டைக் கடித்துவிட்டாள். வலி. கையால் வாயை மறைத்துக்கொண்டு, ப-வர்க்கமும் ம-வும் இல்லாமல் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறான்!

ஐயா, இதுதான் எழுத்து. விதி வெளியிலிருந்து வரவில்லை. கதைக்குள்ளே ஒருத்தனுக்கு உதடு வலிக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இல்லாத எழுத்து அந்த ராத்திரியை ஞாபகப்படுத்துகிறது. சாதாரண மொழிபெயர்ப்பில் படித்தால் இது மொத்தமும் ஆவியாகிவிடும், வெறும் சாகசக் கதைதான் மிஞ்சும். தமிழில் அந்த விதியோடு எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். காதல் என்று சொல்லலாம், முத்தம் என்று சொல்ல முடியாது. கடித்தாள் சரி, வலி கிடையாது. அக்கா, அண்ணன், தாத்தா உண்டு. அப்பா, அம்மா கிடையாது. ஒரு பக்கம் தாண்டவில்லை.

அப்பா அம்மா என்றதும் ழார்ழ் பெரெக் ஞாபகம் வருகிறது. 1969-ல் பிரெஞ்சில் ‘இ’ எழுத்தே இல்லாமல் ஒரு நாவல் எழுதினார். அந்த மொழியில் அதிகம் புழங்குகிற எழுத்து அது. அப்பா, அம்மா என்பதற்கான சொற்களிலும் உண்டு, அவர் பெயரிலேயே நான்கு. அப்பா 1940-ல் போரில் செத்தார். அம்மாவை 1943-ல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. சர்க்கஸ் என்று முதலில் சொன்ன சிலர், இது தெரிந்த பிறகு வேறு மாதிரி படித்தார்கள். தண்டியின் சிரிப்பும் பெரெக்கின் துக்கமும் ஒரே ஜாதி என்பேன்.

திருக்குறள் துறவு அதிகாரத்தைப் பற்றி மேடையில் ஒன்று சொல்வார்கள். முதல் குறளில் (341) உதடு ஒட்டாது, ஆசையை விடச் சொல்கிறது. கடைசிக் குறளில் (350) ஒட்டிக்கொண்டே இருக்கும், இறைவனைப் பற்றச் சொல்கிறது. வள்ளுவர் திட்டமிட்டாரா என்று எனக்குச் சந்தேகம்தான். பற்று என்ற சொல்லை வைத்து எழுதினால் உதடு ஒட்டாமல் எங்கே போகும்?

மண்டபத்துப் பையனிடம் இதைச் சொன்னேன். உதட்டுக்கு நடுவில் விரலை வைத்துக்கொண்டு 341-ஐ முணுமுணுத்தான். ‘‘ஆமா சார்!’’ என்றான். பிறகு ‘வரதராஜப் பெருமாள்’ சொல்லிப் பார்த்தான். நாலு இடத்தில் மாட்டினான்.