கணினியில் பிறந்த விண்கலங்கள்

அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் கணினி வரைகலை விண்கலம் நிஜமாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் முதலில் ஒளியைப் பொறுத்தது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுப் பக்கம் பார்த்தால் தொலைவிலுள்ள மலைமுகடுகள் வெளிறி, நீலம் பாய்ந்து தெரியும்; இடையிலுள்ள காற்றும் ஏலமலை மூடுபனியும் தூரத்தைச் சொல்லிவிடும். விண்வெளியில் காற்றில்லை. வெகுதொலைவில் இருக்கும் கலமும் அருகிலிருப்பதைப் போலவே துல்லியமாகத் தெரியும். நிழல் ஏறக்குறைய முழுக் கறுப்பு. ஆகவே கலத்தின் பருமனை உணர்த்த சன்னல் விளக்குகளும் தகட்டு இணைப்புகளும் கீறல்களும்தான் துணை.

அடுத்தது அசைவு. இதில் 1993-இல் தொடங்கிய ‘பாபிலோன் 5’ அருமையான முன்னோடி. தொடக்கத்தில் அமிகா கணினிகளும் லைட்வேவ் மென்பொருளும் கொண்டு அதன் கலங்களை உருவாக்கினார்கள். அதிலுள்ள ஸ்டார்ஃப்யூரி போர்க்கலத்துக்கு நான்கு இறக்கைகளிலும் உந்துபொறிகள். எதிரி பின்தொடர்ந்தால், போகும் திசை மாறாமல், உடலை மட்டும் அப்படியே திருப்பிச் சுடும். நியூட்டன் விதியே அங்கு நடனமாடுகிறது. அதன் உலோகப் பரப்பு இன்று பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. அசைவு மட்டும் பழசாகவே இல்லை.

2003-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ கேமராவைக் கையில் பிடித்தது போல நடுங்கவிட்டது. கலத்தைத் தேடித் தடுமாறி, சற்றுத் தாமதமாக அதன்மேல் குவியும். 2015-இல் தொடங்கிய ‘தி எக்ஸ்பேன்ஸ்’ தொடரில் கலம் பாதி வழியில் திரும்பி, பொறியை இயக்கி வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எடை தருவதும் அந்த உந்தலே. அதனால் தளங்கள் மாடிகளாக அடுக்கப்பட்டுள்ளன. தமிழில் விண்வெளிக் கதையைக் காட்டும் முயற்சி பெரிய திரையில் நடந்தது: 2018-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘டிக் டிக் டிக்’.