பாராட்டுக என்னும் கட்டளை

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. ஒரு பாடலைக் கொடுத்து, ‘நயம் பாராட்டுக’ என்று கேட்டிருப்பார்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். எந்தப் பாடல் வந்தாலும் அவை பொருந்தும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்களை மட்டும் மாற்றினால் போதும். பாடல் பிடிக்கவில்லை என்று எழுத அங்கே இடமில்லை. வினைச்சொல்லே முடிவைச் சொல்லிவிடுகிறது.

அது பள்ளியோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, வார இறுதிகளில் நடந்த ஒரு கலை ரசனை வகுப்பில் சேர்ந்தேன். முதல் மாதமே அந்தப் பழைய வினாத்தாள் நினைவுக்கு வந்துவிட்டது. திரையில் ஒரு சிற்பம் விழும். ஆசிரியர் அதன் காலம், மரபு, ஆயுதங்கள், முத்திரைகள் ஆகியவற்றைச் சொல்வார். நாங்கள் தலை குனிந்து எழுதிக்கொள்வோம். நிமிர்ந்து பார்க்கும்போது அடுத்த படம் வந்திருக்கும். பல்லவரில் தொடங்கி நாயக்கர் வரை இப்படியே ஓடிற்று. அந்தப் பயிற்சி எனக்கு எதைக் கொடுத்தது, எதைக் கெடுத்தது என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

கொடுத்ததை முதலில் சொல்வதுதான் முறை. எங்கள் பாட்டி சம்பந்தரின் முதல் பதிகத்தைச் சொல்லாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். அதன் முதல் சொல்லே தோடு. அந்தப் பதிகத்தைத் தினமும் கேட்டு வளர்ந்தும், நடராசர் திருமேனியின் இரண்டு காதுகளும் ஒன்றுபோல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. வலக்காதில் ஆண்கள் அணியும் மகர குண்டலம், இடக்காதில் பெண்கள் அணியும் தோடு. ஒரே உடலில் உமையும் இருக்கிறாள் என்பதைச் சிற்பி இவ்வளவு சிறிய இடத்தில் சொல்லி முடித்துவிடுகிறான். வகுப்பில் இதைக் கேட்ட மறு வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பத்து வயதிலிருந்து பார்த்துவந்த செப்புத் திருமேனிகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பெயர் தெரிந்ததால் கண் திறந்தது. படிப்பு ரசனையைக் கொன்றுவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு அந்த ஒற்றைத் தோடே காரணம்.

இரண்டாவது லாபம், கைவேலையின் மேல் வந்த மரியாதை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வார்த்தபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே அந்த அச்சில் இன்னொரு சிலை வராது. இதை அறிந்த பிறகு ‘எல்லாச் சாமி சிலையும் ஒரே மாதிரிதான்’ என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி, கெடுத்தது.

வகுப்பு முடிந்த புதிதில் தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார். ராஜராஜன் காலத்துப் படைப்பு. கல்வெட்டின்படி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு வந்தவள். எல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. எதிரே நின்றதும் மனம் தானாகவே பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்கியது. இரண்டு கைகள், சரி. தலைப்பாகைபோல் சுற்றிய சடை, சரி. குறுக்கே வைத்த கால், சரி. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்து அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட்டேன்.

என்னோடு வந்திருந்த அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் நகரவில்லை. “மாமா, இவர் யார் மேல கை வச்சிருக்கார்?” என்றாள்.

திரும்பி வந்து பார்த்தேன். ஒரு கை மடங்கி, கீழே எதுவுமே இல்லாத காற்றின்மேல் சாய்ந்திருக்கிறது. அங்கே காளை இருந்திருக்க வேண்டும், இப்போது இல்லை. இதுவும் என் குறிப்பேட்டில் இருந்த தகவல்தான். ஆனால் அந்தக் கையை நான் பார்த்திருக்கவில்லை. இல்லாத காளையின் உயரத்தை மணிக்கட்டின் தளர்ச்சி காட்டுகிறது. பழகிய மாட்டின்மேல் உடம்பைச் சாய்த்து நிற்கும் மனிதனின் சோம்பல் அந்த இடுப்பில் இருக்கிறது. ஆளுயரம்கூட இல்லாத ஒரு திருமேனி, அருகில் இல்லாத ஒரு விலங்கை இருப்பதாக நம்பவைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இலக்கணம் தேவைப்படவில்லை, நின்று பார்க்கும் பொறுமைதான் தேவைப்பட்டது. பெயர்களைச் சரிபார்த்தவுடன் பார்த்துவிட்டதாக என் கண் கணக்கை மூடிவிட்டது.

பழியைத் திரையில் காட்டும் படங்களின்மேல் போடுவது எளிது. எனக்கும் சில காலம் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் அந்த வாதத்தை உடைத்துவிடுகிறார். சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரை அவர் நேரில் கண்டதில்லை. நிழற்படங்களை வைத்துக்கொண்டே சிவதாண்டவம் பற்றி எழுதினார். அது அவர் மறைந்த பிறகு 1921இல் வெளிவந்தது. சைவ சித்தாந்தம் அறியாத அவர் அந்த உடலின் வளைவுகளிலும் அதில் விழுந்த ஒளியிலும் நிழலிலும்தான் தங்கிநின்றார். ஆகவே குறை படத்தில் இல்லை. ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். ஓவியர் காப்ளி 1765இல் வரைந்த, பறக்கும் அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியத்தில், சிறுவனுடைய காதின் வடிவமும் அணிலின் வயிற்றோர ரோமத்தின் வடிவமும் ஒன்றே என்பதைக் காணத் தமக்கே ஒன்பது நிமிடம் ஆயிற்று என்கிறார். அதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒன்பது நிமிடம்! எங்கள் வகுப்பு ஓடிய வேகத்தில் அதற்குள் ஒரு நூற்றாண்டே கடந்துபோயிருக்கும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ஆண்டு முழுவதும் எந்தச் சிற்பத்தைப் பற்றியும் ‘இது தேறவில்லை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. சோழர் செம்புகளில் மிகச் சிறந்தவையும் உண்டு, கை பழகியதால் வந்தவையும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே உயிர் இருக்கிறது, எங்கே வெறும் அளவு மட்டும் இருக்கிறது என்று கேட்டிருந்தால் நாங்கள் விழித்திருப்போம். பக்திக்கும் ரசனைக்கும் இடையில் இருக்கும் கோட்டை வகுப்பு அழித்துவிட்டது. கும்பிடுவதற்கு ஒப்பீடு தேவையில்லை, ரசனைக்குத் தேவை.

அப்படியானால் இலக்கணத்தை விட்டுவிட்டு உள்ளுணர்வை மட்டும் நம்பலாமா? தமிழில் அந்தச் சோதனை நடந்திருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. ‘வட்டத்தொட்டி’ என்ற தம் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் உணர்ச்சியைக் கேட்பவர் காதில் இறக்கிவிடுவார். ஒன்றிலேயே தங்கியிருந்து பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு நம்மிடம் உள்ள சிறந்த முன்னோடி அவர்தான். ஆனால் அதே ரசனையை மட்டும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு, தம் காதுக்கு ஒவ்வாத பாடல்கள் கம்பனுடையவை அல்ல என்று நீக்கவும் திருத்தவும் செய்தார். சான்று கேட்டவர்களுக்குக் கொடுக்க அவரிடம் தம் காது மட்டும்தான் இருந்தது. கட்டுப்பாடற்ற ரசனை எங்கே போய் நிற்கும் என்பதையும் அவரே காட்டிவிட்டார்.

எனவே ரசனையா, இலக்கணமா என்று கட்சி கட்டுவதில் பயனில்லை. எது முன்னே, எது பின்னே என்பதுதான் கேள்வி. தோட்டின் பெயர் எனக்கு உதவியது. ஏனென்றால் அந்தத் திருமேனியை நான் ஏற்கெனவே பல முறை பார்த்திருந்தேன், பெயர் பிறகு வந்து சேர்ந்தது. ரிஷபவாகன தேவரிடம் பெயர்கள் முந்திக்கொண்டன, கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாமல்லபுரத்துப் பெரும்பாறைக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போதும் இதுதான் நடக்கிறது. அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்ற வாதம் பேருந்திலேயே சொல்லித் தரப்படுகிறது. இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் தாங்களே கண்டுபிடித்துச் சிரிக்கும் வாய்ப்பை இழந்துவிட்டுத்தான் அவர்கள் பாறை முன் வந்து இறங்குகிறார்கள். முதலில் பாறையைக் காட்டி அரை மணி நேரம் விட்டுவிட்டால், மேலே ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரையும் கீழே அவரைப் போல நிற்கும் பூனையையும் அவர்களே இணைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் அர்ச்சுனனா, பகீரதனா என்று கேட்டால், அது அவர்களுடைய கேள்வியாகவே இருக்கும்.

கலை ரசனை வகுப்புகள் வேண்டும். இன்னும் பல ஊர்களில் வேண்டும். அவற்றில் படங்கள் பாதியாகக் குறையட்டும், நேரம் இரட்டிக்கட்டும், பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கும் மதிப்பெண் கிடைக்கட்டும். பள்ளி வினாத்தாளிலோ ஒரே ஒரு வினைச்சொல்லைத் திருத்தினால் போதும். ‘பாராட்டுக’ என்பதை அடித்துவிட்டு, ‘பார்த்ததைச் சொல்லுக’ என்று எழுதலாம். பாராட்ட வேண்டியது இருந்தால், பார்த்தவர் தாமே பாராட்டுவார்.