எம்டன் என்னும் ஆண்பாற்சொல்

தமிழில் ஒருவரை ‘எம்டன்’ என்று சொன்னால் அவர் ஆணாகத்தான் இருப்பார். ‘அவன் பெரிய எம்டன்’, ‘எங்க மேனேஜர் ஒரு எம்டன்’, ‘அப்பா எம்டன் மாதிரி வந்து நிப்பாரு’. தந்திரசாலி, கண்டிப்பானவர், எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்பவர் என இச்சொல்லுக்குப் பல பொருள்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் பயமும் அதைவிடக் கூடுதலாக வியப்பும் கலந்திருக்கின்றன. ஒரு பெண்ணை யாரும் எம்டன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதே குணம் பெண்ணிடம் இருந்தால் அதற்கு நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. அவற்றில் வியப்பு இருக்காது.

இச்சொல் ஒரு திடீர்த் தாக்குதலிலிருந்து பிறந்தது. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணியளவில், ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்றது. துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. போர் எங்கோ ஐரோப்பாவில் நடப்பதாக நகரம் நினைத்திருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆணைப்படி சுமார் 125 குண்டுகள் வீசப்பட்டன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பதில் தாக்குதல் வலுப்பெறும் முன் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

அன்றைய குண்டுவீச்சில் துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. அந்த இரவில் இறந்தவர்கள் ஐந்து பேர் என்பதே பெரும்பாலான நூல்கள் தரும் எண். தாக்குதல் பற்றிய கட்டுரைகளில் இந்த ஐந்து பேருக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும், சில சமயம் அரை வாக்கியம். அதற்குள் கதை மீண்டும் கப்பலைத் துரத்திக்கொண்டு கடலுக்குப் போய்விடும்.

உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குப் பக்கம், குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அது குண்டு விழுந்த சுவரை நினைவுகூர்கிறது. இறந்தவர்களுக்கென்று அங்கே ஒரு பெயரும் இல்லை. ஜெர்மனியில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியோடு நடந்த சண்டையில் எம்டன் வீழ்ந்தது. அதன் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்குத் தம் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ளும் உரிமை வழங்கப்பட்டது. அந்தப் பெயர் அவர்கள் சந்ததிக்கும் போய்ச் சேர்ந்தது. கொன்ற கப்பலின் பெயர் ஜெர்மனியில் குடும்பப் பெயராகவும் தமிழில் பொதுச்சொல்லாகவும் வாழ்கிறது. இறந்த ஐவரின் பெயர் எங்கும் வாழவில்லை.

கப்பலுக்கு ஜெர்மானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பெண்பால். எம்டன் என்பது வடமேற்கு ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயர். தமிழுக்கு வந்ததும் அது ஆணாகிவிட்டது. ‘அன்’ என்று முடியும் சொல்லை நம் காது ஆண்பாலாகவே கேட்கும். கள்ளன், வீரன், எமன் வரிசையில் எம்டனும் போய் உட்கார்ந்துகொண்டான். மலையாளத்தில் அதுவே ‘எமண்டன்’ ஆகி, மிகப் பெரியது என்ற பொருளைப் பெற்றது. இதை ஒலியின் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இரவில் அஞ்சியவர்கள், அஞ்சியதைப் பற்றி ஒரு சொல்லையும் உருவாக்கவில்லை. அஞ்சவைத்தவனுக்கே சொல் உருவானது. ஏன் என்பதற்கு ஒலியில் விடை இல்லை.

விடையை நான் தொல்காப்பியத்தில் தேடுகிறேன். புறத்திணையியல் தொடங்குவதே வெட்சியில்தான். வெட்சி என்பது அறிவிக்காமல் நடத்தும் தாக்குதல். இரவில் புகுந்து ஆநிரை கவர்வது. அதன் துறைகளை வரிசையாகப் படித்தால் ஒரு திடீர்த் தாக்குதலின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். படை புறப்படும் ஆரவாரம், நற்சொல் கேட்டு நிற்கும் விரிச்சி, ஒற்றறியும் வேய், ஊரைச் சுற்றி வளைத்தல், பிறகு ஊர்கொலை. அதற்குப் பின் கவர்ந்ததைப் பங்கிடும் பாதீடு, கள்ளுண்டு மகிழும் உண்டாட்டு, கொடை.

ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது மாணவியர் துறைப்பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, “மேடம், ஊர்கொலைன்னா கொலை செஞ்சவங்க துறையா, செத்தவங்க துறையா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த நூற்பாவை என்னால் பழையபடி நடத்த முடியவில்லை. ஊர்கொலை, செய்தவர்களின் துறை. கொல்லப்பட்ட ஊர் அங்கே செயப்படுபொருள் மட்டுமே.

புறத்திணையில் அழுகை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. காஞ்சித்திணையில் கணவனை இழந்தவளும் மகனை இழந்தவளும் அழுகிறார்கள். தாபதநிலை, முதுபாலை, தலைப்பெயல்நிலை என்று அவர்கள் துயரத்துக்குப் பெயர்கள் உண்டு. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் உண்டு. அதில் அவன் பெயரைப் பொறிப்பார்கள். ஆனால் போரை முன்னிட்டு அழும் பெண் அழுவது பெரும்பாலும் வீரனுக்காக. பணியில் இருந்ததால், உறங்கிக்கொண்டிருந்ததால், அந்த இடத்தில் இருந்ததால் மட்டுமே இறந்தவர்களுக்கு என்ன திணை, என்ன துறை? அவர்களை நினைவில் வைக்க இலக்கணம் ஒரு பெட்டியைச் செய்து தரவில்லை. 1914இல் சென்னைத் துறைமுகத்தில் இறந்தவர்கள் இந்தப் பெட்டி இல்லாத இடத்தில்தான் விழுந்தார்கள். தாக்கியவனை வியக்கும் மொழி தயாராக இருந்தது. அது உடனே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டது.

அந்த வியப்பு எங்கே போய் முடிகிறது என்பதற்கு 2006இல் வெளிவந்த, திருமுருகன் இயக்கிய படம் ஒன்று சான்று. கண்டிப்பும் அடியுமாக மகனை வளர்க்கும் தந்தையாக நாசர், மகனாக பரத், இருவருக்கும் இடையில் தாயாக சரண்யா. படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘எம்டன் மகன்’. தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்ற அறிவிப்பு வந்தபோது அது ‘எம் மகன்’ ஆனது. தொண்ணூறு ஆண்டுகள் நம் வீடுகளில் புழங்கிய சொல், வரிவிலக்குக்கு மட்டும் தமிழாக இல்லாமல் போனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எம்டன் வந்து சேர்ந்த இடம். கடலில் நின்று குண்டு வீசிய கப்பல் வீட்டுக்குள் தந்தையாக வந்து நிற்கிறது. எப்போது வருவார், எப்போது வெடிப்பார் என்று தெரியாது. அவர் வரும் ஓசை கேட்டால் வீடு விளக்கணைத்த நகரம்போல் ஒடுங்கும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல நமக்கு ஒரு செல்லப்பெயரும் இருக்கிறது. அந்தத் தாயின் பயத்துக்குச் செல்லப்பெயர் கிடையாது. ‘அம்மா பொறுமைசாலி’ என்பதோடு முடிந்துவிடும்.

போரைப் பற்றிய சொற்களும் வீட்டைப் பற்றிய சொற்களும் ஒரே பட்டறையில் செய்யப்படுகின்றன என்பதைத்தான் இது காட்டுகிறது. முன்னறிவிப்பின்றித் தாக்க வல்லவன் திறமைசாலி என்று கற்ற மொழி, அதே அளவுகோலைக் குடும்பத்தலைவனுக்கும் எடுத்து வைக்கிறது. முல்லர் கண்ணியமான போர்வீரர் என்றும், பிடித்த கப்பல்களின் பணியாளர்களை மனிதர்களாக நடத்தினார் என்றும் எழுதுகிறார்கள். அது உண்மையே. ‘அடித்தாலும் நல்லவர்’ என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. முல்லரின் கண்ணியத்துக்குப் பக்கங்கள் ஒதுக்கும் நூல்கள் ஐந்து பேருக்கும் பக்கம் ஒதுக்கினால் எனக்கு வழக்கில்லை.

இல்லாத துறையைப் பெண்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பைத் தமிழ்ப் புறத்திணையின் திருப்பமாக நான் படிக்கிறேன். அதற்குப் பின் ஈழத்துப் பெண்கள் எழுதிய போர்க் கவிதைகளில் தாக்குதல், தாக்கப்பட்ட வாசலிலிருந்து பார்க்கப்படுகிறது. அங்கே விமானத்தின் திறமை பாடுபொருள் ஆவதில்லை. வீட்டில் யார் இல்லை என்பதே பாடுபொருள். காஞ்சியின் எல்லையை அவர்கள் வீரனின் பாடையைத் தாண்டி நகர்த்தியிருக்கிறார்கள். பாடத்திட்டங்களில் அந்தக் கவிதைகள் ‘பெண்ணியம்’ என்ற அலகில் வைக்கப்படுகின்றன. ‘புறம்’ என்ற அலகில் வைத்தால்தான் ஊர்கொலைக்கு எதிர்த்துறை ஒன்று தமிழில் உண்டாகிவிட்டது என்பது மாணவியருக்குத் தெரியும்.

எம்டன் என்ற சொல்லை மொழியிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொற்கள் அப்படிக் கட்டளைக்குப் போவதுமில்லை. அகராதியில் இச்சொல்லுக்குப் பொருள் எழுதுவோர், ‘1914இல் சென்னைமீது குண்டு வீசிய கப்பல்’ என்பதோடு ‘அத்தாக்குதலில் ஐந்து பேர் இறந்தனர்’ என்றும் ஒரு வரி சேர்க்கலாம். உயர் நீதிமன்றக் கல்லுக்குப் பக்கத்தில் அந்த வரியை எழுதவும் இடம் இருக்கிறது. வகுப்பறையில் ஊர்கொலை என்ற துறையை நடத்தும் ஆசிரியர்கள், அந்த மாணவி கேட்ட கேள்வியைத் தாங்களே முதலில் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.