இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

பள்ளிக்கூடத் தமிழ்த் தேர்வில் இந்தக் கேள்விக்குத் தனி மரியாதை. ஓர் அடியைக் கொடுத்து இடஞ்சுட்டிப் பொருள் விளக்கச் சொல்வார்கள். யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில் என்று எழுதாமல் பொருளை மட்டும் எழுதினால் தமிழாசிரியர் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். அந்தப் பழக்கத்தைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று, கோயிலில் கல்யாணம் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் நிற்கிறார்கள். அத்தையோ சித்தப்பாவோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேதத்தை விரிப்பார்கள். பெரும்பாலும் 1 கொரிந்தியர் 13தான். அன்பு பொறுமையானது, தயவுள்ளது என்று வாசிக்க வாசிக்க, சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிய கவலையில் இருக்கிறவர்கள் முகத்திலும் ஒரு கனிவு வரும். வரட்டும், எனக்கு அதில் குறையில்லை. எங்கே வைத்தாலும் அழகு குறையாத பகுதி அது. ஆனால் பவுல் அதை எழுதும்போது எதிரே மணமக்கள் யாரும் நிற்கவில்லை. ஒரு சபையே சண்டை போட்டுக்கொண்டு நின்றது.

கொரிந்து பழைய ஊர், ஆனால் புதுப் பணம். ரோமர்கள் இடித்துப்போட்ட நகரத்தை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். இரண்டு பக்கமும் துறைமுகம். சரக்கும் ஆளும் வந்திறங்கிக்கொண்டே இருந்த இடம். பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கிச் சபையைக் கட்டினார். அப்போது அங்கே அதிபதியாக இருந்த கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் இருப்பதால், கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அவர் எபேசுவில் இருக்கும்போது, குலோவேயாளின் வீட்டார் மூலம் செய்தி வருகிறது. ஒரு கூட்டம் தாங்கள் பவுலின் ஆட்கள் என்கிறது, இன்னொன்று அப்பொல்லோவின் ஆட்கள் என்கிறது, மற்றொன்று கேபாவின் பெயரைச் சொல்கிறது. சகோதரன் சகோதரன்மேல் வழக்குப் போடுகிறான். கர்த்தருடைய பந்தியில் முந்தி வந்தவன் தின்று குடித்து வெறித்திருக்க, பிந்தி வந்தவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். அந்நிய பாஷை பேசுகிறவர்களுக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

இந்தக் கடிதம் அந்தச் சபையின் நடுவில் உரக்க வாசிக்கப்பட்டது. தின்றவனும் பசித்தவனும் ஒரே கூட்டத்தில் இருந்து கேட்டிருப்பார்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தை அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

முதல் வரியிலேயே மனுஷர் பாஷை, தூதர் பாஷை என்று தொடங்குகிறார். எந்தப் பெருமைக்கு அடி விழுகிறது என்று அங்கே கேட்டவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அடுத்தது, மலையைப் பெயர்க்கிற விசுவாசம். இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு விசுவாசம் பெரிதா, அன்பு பெரிதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் உண்டு. ஓர் அதிகாரம் பின்னால் போனால், ஆவியின் வரங்களை அடுக்குகிற இடத்தில் விசுவாசமும் ஒரு வரமாக உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு மட்டும் கிடைத்த, அற்புதம் செய்கிற விசுவாசம் அது. அதிகாரத்தின் கடைசியில் அன்போடும் நம்பிக்கையோடும் சேர்ந்து நிலைத்திருப்பதாகச் சொல்கிற விசுவாசத்தை அந்த வரத்தோடு குழப்பக்கூடாது. சொல் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு.

பிறகு வருகிறது அன்பின் பட்டியல். கிரேக்கத்தில் இதைப் பார்ப்பதே தனிச் சுகம். அன்பு எப்படிப்பட்டது என்று சொல்ல ஒரு பெயரடைகூட இல்லை, பதினைந்தும் வினைச்சொற்கள். அவற்றில் எட்டு எதிர்மறை. தமிழுக்கு இது எவ்வளவு வாகாக வந்து உட்கார்ந்திருக்கிறது! நாடாது, நினையாது என்று ஒற்றைச் சொல்லிலேயே செயலையும் மறுப்பையும் சேர்த்துக் கட்ட நம் மொழியால் முடிகிறது. பழைய மொழிபெயர்ப்பை நான் இன்னும் விடாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த எட்டு எதிர்மறையில் ஒன்று இறுமாப்பு. மூலச்சொல்லுக்கு, துருத்தியில் காற்றேற்றினாற்போல ஊதிப்போவது என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் ஏழு இடங்களில் வருகிறது. ஆறு இந்த ஒரே கடிதத்தில். நான்காம் அதிகாரத்தில் கட்சி கட்டுகிறவர்கள் ஊதிப்போயிருக்கிறார்கள். ஐந்தில், வெட்கப்பட வேண்டிய காரியம் நடந்தும் சபையே ஊதிப்போயிருக்கிறது. எட்டில், அறிவு ஆளை ஊதவைக்கிறது. பதின்மூன்றுக்கு வரும்போது, அன்பு மட்டும் ஊதிப்போவதில்லை. பொறாமையும் அப்படித்தான், மூன்றாம் அதிகாரத்தில் அவர்கள் மேல் சொன்ன குற்றம். தன்னுடையதைத் தேடாதிருப்பது பத்தாம் அதிகாரத்துப் புத்திமதி. கிரேக்கத்தில் கிட்டத்தட்ட அதே சொற்றொடர் இங்கே திரும்பி வருகிறது. தமிழில் ஓரிடத்தில் சுயபிரயோஜனம், மற்றோரிடத்தில் தற்பொழிவு என்று ஆகிவிட்டதால் அந்த முடிச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்பு என்னவெல்லாம் செய்யாது என்று பவுல் சொல்லிக்கொண்டே போவது, கொரிந்தியர் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதன் ஜாபிதா.

சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. சிறைப்புறம் என்பார்கள். வேலிக்கு அப்பால் தலைவன் நிற்கிறான். தோழி அவனைப் பார்த்து ஒரு சொல்லும் பேசமாட்டாள்; தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள். போய்ச் சேரவேண்டிய காதுக்குப் போய்ச் சேரும். பவுலும் இந்த நாலு வசனங்களில் நீங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அன்பைப் படர்க்கையில் நிறுத்திப் புகழ்ந்துகொண்டே போகிறார். வேலிக்கு அப்பால் சபை நிற்கிறது. பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு வாசித்தால் தோழி ஏதோ மலையையும் அருவியையும் வர்ணிப்பதாகத்தான் தோன்றும். கல்யாண வாசிப்பில் நடப்பது அதுதான்.

இதில் அச்சுக்காரர்களுக்கும் பங்குண்டு. பவுல் எழுதியபோது அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அதிகாரங்களைப் பிரித்தவர் ஸ்டீபன் லாங்டன், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் காணும் வசன எண்களைப் போட்டவர் அச்சுக்கலைஞர் ராபர்ட் எஸ்தியன், 1551இல். தேடி எடுக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலி போட்டதும் ஒவ்வொரு வசனமும் தனிப் பட்டாவாகிவிட்டது. புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக எடுத்து வேதத்துக்குள் செருகிக்கொள்ளலாம். அதற்கு முந்தின வசனம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று பாக்கியிருக்கிறது. அன்பு சினமடையாது என்கிறாரே, அந்த வினைச்சொல்லின் பெயர்ச்சொல் வடிவம் அப்போஸ்தலர் நடபடிகள் 15இல் வருகிறது. மாற்குவைக் கூட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் மூண்ட கடுங்கோபத்துக்கு அந்தச் சொல். அந்தக் கோபத்தில் இருவரும் பிரிந்து வெவ்வேறு திசையில் போனார்கள். கொரிந்துவுக்குப் பவுல் வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, சினத்தைப் பற்றி எழுதியவருக்குச் சினம் என்னவென்று தெரியும். அதிகாரத்தின் தொடக்கத்தில் நீங்கள் பேசினாலும் என்று எழுதாமல் நான் பேசினாலும் என்று தன்னையே முன்னால் நிறுத்திக்கொண்டதை அதோடு சேர்த்துத்தான் நான் வாசிக்கிறேன்.

இதே கடிதத்தில் ஒன்பதாம் அதிகாரத்தில், சபை ஊழியர்களின் உரிமையைப் பற்றிப் பேசும்போது, கையால் உழைத்துச் சாப்பிடவேண்டியவர்கள் நானும் பர்னபாவும் மட்டுந்தானா என்று கேட்கிறார். பிரிந்து போனவனின் பெயர் தன் பெயருக்குப் பக்கத்தில், கசப்பில்லாமல், போகிறபோக்கில் வந்து விழுகிறது. கல்யாணத்தில் யாரும் ஒன்பதாம் அதிகாரத்தை வாசிப்பதில்லை.