நில அதிர்வு விதி லயத்தை எட்டுமா?

2015 ஜூன் 5 காலை சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில் 6.0 அளவில் நிலம் அதிர்ந்தது. கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்த பள்ளிச் சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, நில அதிர்வைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு யூரோகோட் 8-க்கு மலேசியா, உள்நாட்டுக்கு ஏற்ற அளவுகளை வகுக்கும் தன் தேசிய இணைப்பை வெளியிட்டது. அது தேவையான முயற்சி. ஆனால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்களை வைத்துப் பார்த்தால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

முதலில் அதன் பலம். மலேசியப் பொறியாளர்கள் நெடுங்காலம் பின்பற்றிய பிரிட்டிஷ் கான்கிரீட் தரத்தில் நில அதிர்வுக்கு இடமே இல்லை. புதிய இணைப்பு தீபகற்பம், சபா, சரவாக் ஆகியவற்றின் ஆபத்தைத் தனித்தனியே கணித்தது. சபாவுக்கு வேண்டிய கட்டுறுதியைத் தீபகற்பத்தின்மேல் சுமத்திச் செலவை ஏற்றவில்லை. சுமத்ராவில் எழும் நில அதிர்வுகளோடு நிற்காமல் உள்ளூர் நிலப்பிளவுகளையும் கணக்கில் கொண்டது.

இந்தக் கடைசிக் கூறுதான் கேமரன் மலைக்கு முக்கியம். சுமத்ராவில் எழும் அலைகள் நீரிணையைக் கடந்து வரும்போது மெதுவான, நீண்ட அசைவே பெரும்பாலும் மிஞ்சும். அது கோலாலம்பூரின் அடுக்குமாடிகளை ஆட்டும். தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் ஒற்றைத் தள லயத்துக்கு அதிகம் தெரியாது. தாழ்ந்த சுவர்களைப் பிளப்பது அருகில் எழும் விரைவான உதறல். 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. கேமரன் மலை நிற்கும் அதே தித்திவங்சா மலைத்தொடரில்தான் அதுவும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவு அதிர்வு பதிவானது. இவை ஊரை இடித்த அதிர்வுகள் அல்ல. ஆனால் தீபகற்பத்தின் பழைய பிளவுகள் முற்றிலும் உறங்கிவிடவில்லை என்பதற்குச் சான்றுகள்.

இனிக் குறைகள். அந்த இணைப்பு விதித்தொகுப்பின் முதல் பகுதிக்கு உரியது. அப்பகுதி பேசுவது புதிதாக வடிவமைக்கும் கட்டடங்களைப் பற்றி. தோட்டக் குடியிருப்புகளோ பெரும்பாலும் பழையவை. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயம் எடை குறைந்தது. அதிர்வில் ஆடினாலும் ஆளை நசுக்கும் வாய்ப்புக் குறைவு. அதன் இடத்தில் எழும் செங்கல் வீடு வசதியானது. ஆனால் கதவு, ஜன்னல்களுக்கு மேலும் கூரை மட்டத்திலும் சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் பட்டி இல்லையென்றால் மூலைகள் பிரிந்து சுவர் வெளியே சாயும். ஆபத்துக் குறைந்த வட்டாரம் என்று இதை ஒதுக்க முடியாது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரி குலுங்கியபோது, இந்திய வரைபடத்தில் அது மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் இருந்தது. கனத்த கல் சுவர்களும் மண் கூரைகளும் சரிந்து பல ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அடுத்தது சரிவு. கேமரன் மலை கருங்கல் மலை. பாறைக்கு மேல் தடித்து மக்கிய மண் படிந்திருக்கிறது. ரானாவில் அதிர்வு தளர்த்திய மண்ணையும் கல்லையும் சில நாள்களில் மழை ஆறுகளில் இறக்கியது. கேமரன் மலையில் அதிர்வே இல்லாமல் உயிர்கள் போயிருக்கின்றன: 1961இல் ரிங்லெட்டில் 16 பேர், 2024 ஜனவரியில் புளூ வேலியில் 5 பேர். சரிவின் உறுதியைச் சோதிக்க ஐந்தாம் பகுதியும் பழைய கட்டடங்களை வலுப்படுத்த மூன்றாம் பகுதியும் ஐரோப்பியத் தொகுப்பில் இருக்கின்றன. தோட்டங்களுக்கு வேண்டியவை அவைதாம். மேலும், மலேசியத் தரங்கள் தம்மளவில் விருப்பத்துக்குரியவை. அதிகாரம் உள்ள அமைப்பு சட்டத்தில் சேர்த்தால்தான் அவை கட்டாயமாகும்.

மழையே ஆளைக் கொல்லும் இடத்தில் வராத நடுக்கத்துக்கு ஏன் பணம் என்று ஒரு நிர்வாகி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேலை பெரும்பாலும் ஒன்றே. வெட்டிய சரிவுகளில் வடிகாலைத் துப்புரவாக வைப்பதும், சரிவின் அடிவாரத்தில் வீடு கட்டாதிருப்பதும் மழைக்கும் நடுக்கத்துக்கும் பொதுவான காப்பு. நடுக்கத்துக்கென்று தனியாக ஆகும் செலவு சுவர்ப் பட்டிதான்; புது வீட்டில் அது பெரிய தொகை அன்று. இதற்குப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 தோட்டங்களுக்கும் பொருந்தும். அதன்படி நடக்கும் சோதனையில் சரிவையும் சுவர்ப் பிணைப்பையும் சேர்த்தாலே பெரும் முன்னேற்றம்.

ஆயத்தமும் தோட்டத்திலேயே தொடங்க வேண்டும். மலைச்சாலைகள் மண் சரிந்து அடைபட்டால் வெளி உதவி வரத் தாமதமாகும்; முதல் மணி நேரங்களில் தோட்டத்து ஆள்களே ஒருவரையொருவர் மீட்க வேண்டியிருக்கும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. எச்சரிக்கை உரிய நேரத்தில், உறங்குபவரையும் எட்ட வேண்டும் என்பதே அதன் பாடம். தமிழரோடு வங்காளதேசத்தவரும் நேபாளியரும் கொழுந்து எடுக்கும் மலை இது. எங்கே கூடுவது, யார் யாரைத் தேடுவது என்பதைக் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் அவரவர் மொழியில் சொல்லிப் பழக்கலாம்.

தேசிய இணைப்பின் கணிப்பு நம்பத்தக்கது. அதன் வரம்புதான் குறுகியது. அடுத்த திருத்தம் பழைய வீட்டையும் சரிவையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதுவரை தோட்ட நிர்வாகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. எந்த லயம் எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்ற பட்டியலை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே எழுதிவிடலாம்.