வெந்நீர் பாய்லர்: வெப்பம் எங்கே போகிறது?

தென்னந்தோப்பு வீடுகளின் புழக்கடையில் விறகு பாய்லர் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அன்று செம்புத் தகட்டில் அடித்தார்கள். இன்று வெல்டிங் பட்டறையில் இரும்புப் பீப்பாயின் நடுவே ஒரு குழாயைப் பற்றவைத்து வாங்கிவிடுகிறார்கள். குழாய்க்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். மட்டை, பாளை, கொட்டாங்குச்சி என உதிர்ந்ததெல்லாம் எரிபொருள். கரண்டு போனாலும் வெந்நீர் உண்டு. இந்தத் தன்னிறைவு பெரிய வரம். அதனாலேயே அதன் விரயம் மனதை உறுத்துகிறது.

40 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6.7 மெகாஜூல் வெப்பம் போதும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். கணக்குப்படி அரைக் கிலோ விறகின் வேலை இது. 2 கிலோ செலவானால், கால் பங்கு வெப்பம்கூடத் தண்ணீருக்குச் சேரவில்லை என்று பொருள்.

செம்பு போய் இரும்பு வந்ததுதான் காரணம் என்பார்கள். செம்பு இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் மெல்லிய தகட்டைத் தாண்டுவது வெப்பத்துக்குச் சிரமமில்லை. புகையிலிருந்து தகட்டுக்கு வந்து சேர்வதுதான் சிரமம். நேரான குழாயில் சூடான புகை நடுவழியே விர்ரென்று ஏறிவிடுகிறது. முறுக்கிய இரும்புப் பட்டை ஒன்றைக் குழாயின் மேல்பாதியில் தொங்கவிட்டால், புகை சுழன்று சுவரை உரசிக்கொண்டு போகும். உட்சுவரில் படியும் கரியையும் அவ்வப்போது சுரண்டிவிட வேண்டும்.

ஈர விறகு அடுத்த திருடன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீர்தான். அதில் ஒவ்வொரு கிலோ நீரும் ஆவியாக 2 மெகாஜூலுக்கு மேல் விழுங்குகிறது. விறகு மிச்சமாகட்டும் என்று காற்றுவாயை இறுக அடைப்பதும் பொய்ச் சிக்கனம். முழுதாய் எரியாத விறகு புகையாக வெளியேறும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சும் வரும். அடியில் கம்பித்தட்டு வைத்துக் காற்றுக்கு வழிவிடுவதே நல்லது.

செம்பு பாய்லரிடம் கற்க வேண்டியது அதன் அமைப்பை. புனலில் ஒரு குடம் பச்சைத்தண்ணீர் ஊற்றினால்தான் மேல்குழாயில் ஒரு குடம் வெந்நீர் வழியும். பாத்திரம் வற்றுவதில்லை, திறந்த புனல் வழியே ஆவியும் வெளியேறிவிடும். வால்வு வைத்து இறுக மூடிய பீப்பாயோ வெடிக்கக் காத்திருக்கும் ஆபத்து. எனவே பட்டறைக்காரரிடம் தகட்டின் கனத்தைக் கேட்பதற்கு முன், ஆவி போக வழி எங்கே என்று கேளுங்கள். அதன்பின் முறுக்குப் பட்டையைக் கேளுங்கள்.